இணையத்தில் இருக்கும் எண்பது லட்சம்

டொலீடோ, ஒஹாயோ
நவம்பர் மாதம், திங்கட்கிழமை

பாசமுள்ள மச்சான் ஹோரஸுக்கு,

உன் அத்தான் ஆம்ப்ரோஸ் பெட்வே எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா ஏர்லீனும் ஆண்டவர் கிருபையாலும் இரத்த அழுத்த மாத்திரையாலும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே மொபீல் நகரில் நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். நீ அனுப்பிய சாசேஜ் நல்லபடியாக வந்தது. கூடவே வந்த உன் கடிதம்தான் எனக்குச் செரிக்கவில்லை.

டொலீடோ டிரெட்ஜர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் இந்த வருஷக் கணக்கில் நம் டாரியன் பெயருக்கு நேரே எண்பது லட்சம் டாலர் போட்டிருப்பதை நீ இணையத்தில் பார்த்ததாகவும், தாய்மாமன் என்ற முறையில் அதில் ஒரு சிறு பகுதியைக் கேட்பது தப்பில்லை என்றும், அதைக் கொண்டு இரண்டாவது கெளுத்தி மீன் கடை திறக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். முதல் கடை என்ன ஆயிற்று என்று நான் கேட்கப்போவதில்லை, அதற்குப் பணம் கொடுத்ததும் டாரியன்தான் என்பதால் பதில் எனக்கே தெரியும். ஆனால் மச்சான், அந்த எண்பது லட்சம் எங்கள் வீட்டில் இல்லை, வங்கியில் இல்லை, டாரியனின் எந்தச் சட்டைப் பையிலும் இல்லை. அது இணையத்தில் மட்டும்தான் இருக்கிறது.

எப்படி என்று கேள். ஓர் அணி வருஷத்துக்கு இவ்வளவுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாதென்று லீக்கில் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அது செலவுக்கு வைத்த வரம்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், பிறகுதான் தெரிந்தது, எழுதுவதற்கு வைத்த வரம்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் டாரியன் ஒப்பந்தம் போட்டபோது, கையெழுத்துக்கென்றே இரண்டு கோடியை முதல் நாளே ரொக்கமாகக் கொடுத்துவிட்டார்கள். கணக்கில் மட்டும் அதை ஐந்தாகப் பிரித்து, வருஷத்துக்கு நாற்பது லட்சம் என்று எழுதிக்கொண்டார்கள். கையில் காசுள்ள முதலாளி, வரம்புக்கு மேலே எவ்வளவோ அள்ளிக் கொடுத்துவிட்டு, ஏட்டில் யோக்கியனாக உட்கார்ந்திருக்கலாம். வாங்கிய காசில் பாதியை வரி தின்றது, மிச்சத்தில் இந்த வீடு, ஏஜென்டின் பங்கு, சர்ச்சுக்குக் கூரை, உன் கடை, ஏர்லீன் பக்கத்துச் சொந்தத்தில் எனக்கு முகம்கூடத் தெரியாத நாலு பேரின் கார். காசு போய் இரண்டு வருஷம் ஆயிற்று, கணக்கு மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அதிலும் ஒரு நன்மை இருக்கிறதென்று ஏஜென்ட் விட்லாக் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னான். நடுவில் டாரியனை விலக்கினால், இன்னும் எழுதாமல் மிச்சமிருக்கும் வருஷங்களின் தொகை மொத்தமும் அந்த ஒரே வருஷத்தின் தலையில் வந்து விழுமாம், அவன் ஆடாவிட்டாலும் அவன் பெயர் வரம்பில் இடம் பிடிக்குமாம், அதனால் அவ்வளவு சுலபமாக எந்த அணியும் கை வைக்காதாம். "இது உங்க பையனைச் சுத்திப் போட்ட வேலிங்க" என்றான். ஏர்லீன் அவனுக்கு இன்னொரு துண்டு சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம் வைத்தாள். நாங்களும் வேலிக்குள் நிம்மதியாகத் தூங்கினோம்.

பந்தெறிகிறவனின் முதுகுக்குக் காவல் நிற்பது என்ன வேலையென்று உனக்கே தெரியும், எதிரே ஓடி வருகிறவன் ஒவ்வொருத்தனும் குளிர்சாதனப் பெட்டி கனம். போன வருஷக் கடைசியில் டாரியனின் இடது முழங்காலில் ஜவ்வு முழுக்கத் தேய்ந்து எலும்பும் எலும்பும் உரச ஆரம்பித்தது. ஆகஸ்டில் அணி மேலாளர் கில்ஃபாயில் எங்களைக் கூப்பிட்டு விட்டார். நான் வேலியைப் பற்றி ஞாபகப்படுத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. "எங்க கணக்கு தாங்கிக்கும் சார். உங்க பையன் முழங்கால்தான் தாங்காது" என்றார். எழுதாமல் இருந்த இரண்டு வருஷத்து எண்பது லட்சத்தையும் இந்த வருஷத்திலேயே எழுதிக்கொண்டு அவனை அனுப்பிவிட்டார்கள். நீ பார்த்தது அதைத்தான். அது எப்போதோ கொடுத்து, எப்போதோ செலவாகிப்போன காசு.

ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? முடி வெட்டப் போனால், டாரியன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எண்பது லட்சம் தின்கிறான், அதனால்தான் அணியில் பந்து பிடிக்க ஒரு ஆள் வாங்க முடியவில்லை என்று கத்திரிக்கோலைப் பிடித்துக்கொண்டே பேசுகிறான் முடி வெட்டுகிற லெமுவேல். என் காது அவன் கையில் இருந்ததால் நானும் ஆமாம் போட்டேன். பாஸ்டர் வந்தார், கூரை முடிந்ததாம், இப்போது பாட்டுக்கு ஆர்கன் வேண்டுமாம். இல்லையென்றதும் என் ஆத்துமாவுக்காக ஜெபித்துவிட்டுப் போனார், அந்த ஜெபத்தில் "கஞ்சத்தனம்" என்று ஒரு வார்த்தை இரண்டு தடவை வந்தது. மளிகைக் கடையில் ஒரு கிழவி, அவளை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை, "திருடனைப் பெத்தவனே" என்று என்னைத் திட்டினாள். வீட்டுக்கு வந்து கார் ஷெட்டுக்குள் நின்று அழுதேன் மச்சான், உன் அக்காவுக்குத் தெரியாது.

ஒன்றே ஒன்றுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். அந்தக் கால் பிழைத்தது. நாங்களாகத் தேடிப் போய்ப் பார்த்த டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "இன்னும் கொஞ்ச நாள் ஆடினா, நாப்பது வயசுல குச்சி ஊனித்தான் நடப்பான்." இப்போது டாரியன் தன் மகள் ஜூனியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறான். மெதுவாகத்தான், கம்பியைப் பிடித்துக்கொண்டுதான், ஆனாலும் ஏறுகிறான். ராத்திரி அந்தக் காலடிச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் விளக்கை அணைக்கிறேன். அந்த அணியின் பெயரை இனி இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாதென்று சொல்லிவிட்டேன், சட்டை தொப்பியெல்லாம் ஏர்லீன் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை டிவிக்கும் ஓய்வு. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். என் பிள்ளை இனி யாருக்காகவும் களத்தில் இறங்க மாட்டான்.

ஆகவே கெளுத்தி மீனுக்குப் பணம் இல்லை. கோபித்துக்கொள்ளாதே. நன்றித் திருநாளுக்குக் குடும்பத்தோடு வந்துவிடு, பன்றித்தொடை ஹாம் பெரியதாகவே வாங்குகிறோம். உன் பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் முத்தமும்.

இப்படிக்கு
உன் அத்தான்
ஆம்ப்ரோஸ் பெட்வே

பி.கு.: நேற்றே கவரை ஒட்டியிருக்க வேண்டும். டாரியனுக்குப் பதிலாக வாங்கிய பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை கணுக்கால் முறிந்துவிட்டதாம், எங்கள் வீட்டு டிவி அணைந்திருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. இன்று காலை கில்ஃபாயில் போன் செய்து டாரியனைத் திரும்ப ஆடக் கூப்பிட்டார். இருப்பதிலேயே குறைந்த சம்பளம்தானாம், வரம்பில் அதற்கு மேல் இடமில்லையாம், ஏனென்று கேட்டால் எண்பது லட்சம் அடைத்துக்கொண்டிருக்கிறதாம். முழங்காலைப் பற்றிக் கேட்டேன். "எங்க டாக்டர் பாத்துட்டார் சார், தாங்கும்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் டாரியன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். "அவங்களுக்கு ஆள் இல்லப்பா" என்று மட்டும் சொன்னான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை ஆகஸ்டிலிருந்து நான் பார்த்ததில்லை. ஏர்லீன் டேப்பைப் பிரித்துச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு உனக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வைக்கிறேன். இப்போது அணியின் கணக்கில் அவன் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது, போனவன் என்று ஒன்று, வந்தவன் என்று ஒன்று. அவனுக்கு இருக்கிற இடது முழங்கால் ஒன்றுதான்.