கையால் சுற்றும் மின்சாரம்

இயற்பியல் ஆசிரியர் கைப்பிடியைச் சுற்றினார். இயந்திரம் முனகியது. பேருக்குக்கூட ஒரு பொறி வரவில்லை.

சுவிட்ச் என்ற ஒன்று வருவதற்கு முந்தைய காலத்து மின்சார இயந்திரம் அது. கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடித் தட்டு சுழலும். எதிரெதிரே நிற்கும் இரண்டு பித்தளைக் குண்டுகளுக்கு நடுவே நீலப் பொறி பாயும். அதாவது, பாய வேண்டும். 'மின்சாரம் வந்த வரலாறு' பாடத்தை ஆசிரியர் இதைக் காட்டித்தான் தொடங்குவார். பொறியை மட்டும் கரும்பலகையில் வரைந்து ஒப்பேற்றிவிடுவார்.

நாளை அந்தச் சாமர்த்தியம் செல்லாது. அறிவியல் அருங்காட்சியகத்திலிருந்து அதிகாரி அம்மா வருகிறார். இயந்திரம் வேலை செய்தால் அதை எடுத்துக்கொண்டு, பதிலுக்குப் பள்ளிக்குப் புது ஆய்வகமே அமைத்துத் தருவார்களாம்.

"ஓடும்ல சார்?" என்று தலைமையாசிரியை கேட்டபோது, "குதிரை மாதிரி ஓடும் மேடம்" என்று சொல்லித் தொலைத்திருந்தார்.

பெல்ட் தொய்ந்திருப்பதுதான் கோளாறு என்று முடிவு கட்டினார். வீட்டுக்குப் போய் மனைவியின் தையல் இயந்திரத்துப் பெல்ட்டைக் கழற்றி வந்து மாட்டினார். அது கொஞ்சம் இறுக்கம். ஒரே சுற்றில் கண்ணாடித் தட்டு 'படக்' என்று இரண்டாகப் பிளந்தது.

ஆசிரியர் உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளினார். மறுபடி வீட்டுக்கு ஓடினார். கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றி, அதன் முன்னாலிருந்த பிளாஸ்டிக் தகட்டை வட்டமாக வெட்ட ஆரம்பித்தார்.

"என்னங்க இது, என் மூஞ்சில தூசி படிஞ்சா பரவாயில்லையா?" என்றாள் மனைவி.

"ஆய்வகம் வரட்டும், தங்கத்துல ஃபிரேம் போட்டுடறேன்."

"தையல் மெஷினும் ஓடல."

"அதுவும் வரலாற்றுக்காகத்தான்."

"வீட்ல இருக்கறதெல்லாம் ஒவ்வொண்ணா வரலாறாயிட்டே வருது. அடுத்தது நான்தானா?"

ஆசிரியர் தகட்டோடு நழுவினார்.

பிளாஸ்டிக் தட்டு ஜம்மென்று சுழன்றது. பொறிதான் வரவில்லை. சமையலறை கேஸ் லைட்டரைக் கொண்டுவந்து குண்டுகளுக்குப் பின்னால் மறைத்து அழுத்திப் பார்த்தார். வந்த பொறியைப் பார்க்கப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. கடைசியில் கொசு அடிக்கும் பேட்டுக்கு வந்து சேர்ந்தார். அதைப் பிரித்து இயந்திரத்தின் அடிப்பெட்டிக்குள் ஒளித்து, குண்டுகளை நெருக்கி வைத்துக் கம்பி இழுத்தார். பொத்தானை மேசைக்கடியில் தன் முழங்காலுக்கு வாகாகக் கட்டினார். அழுத்தினார். 'டப்!' நீலப் பொறி.

மறுநாள் அதிகாரி அம்மா வேன் டிரைவரோடு வந்து இறங்கினார். தலைமையாசிரியை அவரை இயந்திரத்திடம் அழைத்து வந்தார். ஆசிரியர் சுற்றினார், முழங்காலும் தன் கடமையைச் செய்தது. டப்!

"அருமை! நான் ஒரு தடவை சுத்தட்டுமா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அந்த அம்மா சுற்றினார். டப். டப். சட்டென்று நிறுத்திவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். முழங்காலுக்கு அது தெரியவில்லை.

டப்!

தலைமையாசிரியை ஆசிரியரை முறைத்தார்.

"மிச்சமிருந்த மின்சாரம் மேடம்" என்றார் ஆசிரியர்.

அதிகாரி அம்மாவின் பேனா கீழே விழுந்தது. குனிந்து, மேசைக்கடியில் கொஞ்சம் தேடி எடுத்தார். நிமிர்ந்து, "நியாயம்தான். அந்தக் காலத்து மெஷின்ல அப்படித் தேங்கி நிக்கும்" என்றார். அங்கேயே ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியை பூரித்துப்போய் அவரைக் காபிக்கு அழைத்துப் போனார்.

ஆசிரியர் அவசர அவசரமாக பேட்டை உருவி முதுகுக்குப் பின்னால் மறைப்பதற்கும், இயந்திரத்தைத் தூக்க டிரைவர் வருவதற்கும் சரியாக இருந்தது.

டிரைவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சார், அந்த பேட்டையும் குடுத்துடுங்க. மியூசியத்துல இருக்கற மூணு மெஷினுக்கும் மேடம் ஒரே பேட்டைத்தான் மாத்தி மாத்திப் போட்டு ஓட்டிட்டு இருக்காங்க."