பின்சுவர் ஏறி வந்த நிர்வாகக் குழு உறுப்பினர்

பெருமதிப்பிற்குரிய மூத்த சகோதரி அவர்களுக்கு,

தங்கள் தம்பி தலையைக் குனிந்துகொண்டு எழுதுவது. இங்கு நானும் தங்கள் தம்பி மனைவியும் உடலளவில் சௌக்கியம். அங்கு தாங்களும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். அத்தானின் முழங்கால் வலி இப்போது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் மானத்தைத் தவிர இந்த வீட்டில் மற்றதெல்லாம் நல்லபடியாக இருக்கிறது.

நிற்க. நிற்க என்று எழுதும்போதே எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கிறது. தாங்கள் அடுத்த மாதம் வரும்போது எங்கள் இயற்கை மையத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வர வேண்டாம். வந்தாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம். போனாலும் என் அக்கா என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். மையத்தின் தலைவர் தங்களோடு படித்த பல் டாக்டரம்மா. அவரிடம் தாங்கள்தான் "தம்பி ரிட்டயர் ஆகி வீட்டுல சும்மாதான் இருக்கான், பொறுப்பானவன்" என்று போனில் சொல்லி, சம்பளமில்லாத நிர்வாகக் குழுவில் என்னை உட்காரவைத்தீர்கள். அந்தப் பொறுப்பானவன் என்ற சொல்லை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியிலேயே காலம் தள்ளியவன் என்பது தங்களுக்குத் தெரியும். மேலே போவது, கீழே வருவது, நடுவில் நின்றுவிடுவது, இந்த மூன்றைத் தவிர எனக்குத் திசை ஏதும் தெரியாது. அப்படிப்பட்டவன் குழுக் கூட்டத்தில் எல்லாரும் மரம், பறவை என்று பேசும்போது சும்மா இருக்க முடியாமல், "நான் தினமும் காலையில் காட்டுக்குள்ளேதான் நடக்கிறேன்" என்று ஒருநாள் சொல்லிவைத்தேன். நடப்பது உண்மை. ஆனால் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச் இருக்கிறது, அதுவரைக்கும்தான். அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு வந்துவிடுவேன். மையத்தின் காடு என்றால் பெரிய காடு இல்லை அக்கா. நடுவில் ஒரு குளம், சுற்றிலும் மரங்கள், மரங்களுக்குப் பின்னால் எங்கள் தெரு வீடுகளின் கொல்லைச் சுவர்கள். எங்கள் குழுவில் இருக்கும் தாவரவியல் டீச்சர், வேலையில் இருந்த காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, கையால் குழி தோண்டி வளர்த்த மரங்கள் அவை. அதில் ஒரு ஓரத்தை வெட்டிவிட்டுக் கார் நிறுத்த இடம் பண்ணலாமா என்று நகராட்சி யோசிக்கிறது, முடிவு சொல்ல ஒரு பொறியாளர் அம்மா நேரில் வருகிறார் என்று கடிதம் வந்தது. டீச்சர் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு மரமாகச் சொன்னால் அந்தம்மா மனசு மாறிவிடும் என்று எல்லாரும் தைரியமாக இருந்தோம். வருகிற அன்றைக்குப் பார்த்து டீச்சருக்குத் தொண்டை கட்டி, காற்றுதான் வருகிறது, சத்தம் வரவில்லை.

டாக்டரம்மா எங்களை வரிசையாகப் பார்த்தாங்க. உனக்குத்தான் அவங்களைத் தெரியுமே, அவங்க பார்த்தாலே நமக்கு வாய் தானா திறந்துக்கும். என் வாயும் திறந்துச்சு, அதுக்குள்ளேருந்து "நான் கூட்டிட்டுப் போறேன்"னு ஒரு சத்தம் வந்துச்சு. (தாங்கள் என்று ஆரம்பித்து நீ என்று வந்துவிட்டேன், மன்னிக்கவும். இனிமே திருத்திக்க முடியாது போலிருக்கு.) டீச்சர் என் சட்டைக் கையைப் பிடிச்சு, காதுகிட்ட வந்து, "குளத்தை எப்பவும் இடது கைப் பக்கம் வச்சுக்கிட்டே நடங்க, சுத்தி கேட்டுக்கே வந்துடுவீங்க, அவ்வளவுதான்"னு சொன்னாங்க. அவ்வளவுதான் அக்கா. ஒரு குளம், ஒரு இடது கை. இதுல என்ன தப்பு வரும்னு நானும் நினைச்சேன்.

பொறியாளர் அம்மா வந்தாங்க, கூட அவங்க ஆபீஸ் கிளார்க் ஒருத்தர். பெரிய மனுஷங்களுக்கு முதுகைக் காட்டி நடக்கிறது மரியாதை இல்லைன்னு நான் அவங்களைப் பார்த்தபடி பின்பக்கமாவே நடக்க ஆரம்பிச்சேன், குளத்தைக் கவனமா என் இடது கைப் பக்கம் வச்சுக்கிட்டேன். பின்னால நடந்தா இடது வலதாயிடும், பாதை இல்லாத பக்கமாப் போறோம்ங்கிறது எனக்கு அப்போ உறைக்கலை. கொஞ்ச தூரத்துல குளத்தையே காணோம். அந்தம்மா ஒரு மரத்தைக் காட்டி "இது என்ன மரம்?"னு கேட்டாங்க. "இது காட்டு மரம்மா"ன்னேன். "அது?"ன்னாங்க. "அது இதுக்குச் சொந்தம்"னேன். அவங்க தலையை ஆட்டினது எனக்கு இன்னும் தெம்பைக் கொடுத்துடுச்சு. ஏதோ ஒண்ணு கீச்கீச்சுன்னு கத்தினதும் நான் விரலை உதட்டுல வச்சு, எல்லாரையும் நிறுத்தி, "இது ரொம்பக் கூச்ச சுபாவமுள்ள பறவை, மனுஷங்க முன்னாடி கத்தாது"ன்னு சொன்னேன். கிளார்க் பையைத் துழாவி, "என் போன் சார்"னார். அதுக்கப்புறம் சாஞ்சு கிடந்த ஒரு மரத்தைத் தாண்டினோம், திரும்பவும் தாண்டினோம். "இதைத் தாண்டின மாதிரி இருக்கே"ன்னு அந்தம்மா கேட்டாங்க. "இது அதோட ஜோடி"ன்னேன். அதே இடத்துல சேத்துல அவங்க கால் புதைஞ்சு, கால் மட்டும் திரும்பி வந்துச்சு, ஷூ வரலை. நானும் கிளார்க்கும் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவியும் சேறு அதை விடலை.

ஒத்தை ஷூவோட அந்தம்மா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாங்க. வெளிச்சம் தெரிஞ்ச பக்கமாப் போனோம். அங்கே ஒரு கொல்லைச் சுவர், அதுக்குக் கீழே கிழிஞ்ச மெத்தை, கால் உடைஞ்ச நாற்காலி, காலி பெயிண்ட் டப்பா எல்லாம் ஒரு குவியலாக் கிடந்துச்சு. அப்பாடா, பேச ஒரு விஷயம் கிடைச்சுதேன்னு எனக்கு உயிர் வந்துச்சு அக்கா. "பாருங்கம்மா, காட்டுக்கு எதிரி கார் இல்லை, இந்த மாதிரி ஜனங்கதான். இவங்க வீட்டுக்குள்ள எப்படித்தான் இருப்பாங்களோ, இவங்களை எல்லாம் நகராட்சி சும்மா விடக்கூடாது"ன்னு குரலை உயர்த்தி ஒரு பிரசங்கமே பண்ணினேன். கிளார்க் போட்டோ எடுத்தார். சுவருக்கு மேல கொடியில ஒரு பச்சைப் போர்வை காயுது, எங்கேயோ பார்த்த போர்வை மாதிரிதான் இருந்துச்சு, ஊர்ல பச்சைப் போர்வைக்கா பஞ்சம்னு விட்டுட்டேன். அப்போ சுவருக்கு மேல ஒரு தலை எட்டிப் பார்த்துச்சு. உன் தம்பி பொண்டாட்டி.

"அந்த மெத்தையைத் திரும்ப எடுத்துட்டு வரவா போனீங்க? வேணாம்னு நீங்கதானே சுவத்துல ஏறி நின்னு தள்ளி விட்டீங்க"ன்னா.

நம்ம வீட்டைப் பின்னாலிருந்து நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை அக்கா. சுவரைத் தாண்டினதோட அந்தச் சாமான் உலகத்தை விட்டே போயிடுச்சுன்னு நினைச்சிருந்தேன். கிளார்க் போனை மெல்லப் பையில வச்சுக்கிட்டார். சுவர் மேல ஏறி எல்லாரும் வீட்டுக்குள்ள இறங்கினோம். அந்தம்மா சமையலறையில ஸ்டூல்ல உட்கார்ந்து காலைக் கழுவினாங்க, இவ டீ போட்டுக் கொடுத்தா. "சார் தினமும் காட்டுக்குள்ள நடப்பாராமே?"ன்னு அவங்க கேட்டாங்க. "கேட்டுகிட்ட பெஞ்ச் வரைக்கும் போவார்"னா இவ. பொய் சொல்லத் தெரியாதவளைக் கட்டிவச்சது நீதான், அதையும் இந்த நேரத்துல நினைவுபடுத்திக்கிறேன். அந்தம்மா என் பாத்ரூம் செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல் வழியாக் கிளம்பும்போது, கேட்டுல காத்திருந்து காத்திருந்து எங்களைத் தேடிட்டு டாக்டரம்மாவும் டீச்சரும் எதிர்ல வந்து நிக்கிறாங்க. டாக்டரம்மா என் முழங்கைச் சேத்தைப் பார்த்தாங்க, அந்தச் செருப்பைப் பார்த்தாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. டீச்சர்தான் என்கிட்ட வந்து, அந்தக் காத்துக் குரல்ல, "கார் நிறுத்தக் கேக்கிற ஓரத்துல ஒரு மரம் இந்த வாரம்தான் முதல் முதலாப் பூத்திருக்கு. அதைக் காட்டினீங்களா?"ன்னாங்க. "இல்லை டீச்சர்"னேன். "பரவாயில்லை"ன்னு சொல்லிட்டு, என் சட்டையில ஒட்டியிருந்த முள்ளை ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டாங்க. அந்தப் பரவாயில்லைதான் அக்கா சோத்துல கை வைக்கும்போதெல்லாம் காதுல கேக்குது.

மறுநாள் விடியுமுன்னே போய் மெத்தை, நாற்காலி, டப்பா எல்லாத்தையும் சுமந்து வந்து முறையா அப்புறப்படுத்திட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்க போட்டதையும் சேர்த்துத்தான், இனிமே எனக்கு யாரைக் குறை சொல்ல வாய் இருக்கு. டாக்டரம்மாவுக்கு போன் பண்ணி, குழுவிலேருந்து விலகிக்கிறேன்னு சொல்லிட்டு, பதில் கேக்கப் பயந்து வச்சுட்டேன். இப்போ கேட் இருக்கிற தெருவையே தவிர்த்துச் சுத்துவழியாத்தான் கடைக்குப் போறேன். இனி இந்த ஜென்மத்தில் எந்தக் குழுவிலும் உறுப்பினனாக மாட்டேன், எந்த மரத்துக்கும் பெயர் சொல்ல மாட்டேன், இது உறுதி. ஆகவே தாங்கள் பயணத்தை ரத்து செய்து, என்னால் தங்களுக்கு ஏற்பட்ட தலைகுனிவைப் பொறுத்தருள வேண்டுகிறேன். அத்தானுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும், நடந்ததைச் சொல்லாமல், தெரிவிக்கவும்.

முகம் காட்ட முடியாத,
தங்கள் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டப்போற நேரத்துல டாக்டரம்மா வீட்டுக்கே வந்துட்டாங்க. பொறியாளர் அம்மாவோட அறிக்கை வந்துடுச்சாம், நிக்கவச்சே படிச்சுக் காட்டினாங்க. "சுற்றுச்சுவரை ஒட்டிப் பல ஆண்டுகளாகக் குடியிருந்து வரும் நிர்வாகக் குழு உறுப்பினரே வழி தவறித் தன் சொந்த வீட்டை அடையாளம் காண இயலாத அளவுக்கு மரங்கள் அடர்ந்துள்ளதால், இவ்விடம் வாகன நிறுத்தத்துக்கு உகந்ததல்ல" என்று எழுதியிருக்காங்க. ஒரு மரத்தைத் தொடப்போறதில்லை. ராஜினாமாவை ஏத்துக்க முடியாதாம். அடுத்த மாசம் நகராட்சித் தலைவரே பார்க்க வர்றாராம், அவரையும் நான்தான் கூட்டிட்டுப் போகணும்னு குழு ஒருமனதா முடிவு பண்ணியிருக்கு. அதனால அவசியம் வா, பழைய ஷூவாப் போட்டுட்டு வா. டீச்சருக்குக் குரல் வந்துடுச்சு, அந்தப் பூத்த மரத்தை நாளைக்குக் காலையில எனக்கு மட்டும் தனியாக் காட்டுறேன்னு சொல்லியிருக்காங்க.