கெலிஓயா நேயர் மன்றத்துக்குப் பதினான்கு பேர்

வியாழக்கிழமை மூன்று மணிக்குள் ஆஸிகாவுக்குப் பதினான்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

இருபத்திரண்டு மொழிகளில் ஒலிபரப்பும் வடகடல் வானொலியின் தமிழ்ச் சேவைக்கு, கெலிஓயா நேயர் மன்றத்திலிருந்து மாதாமாதம் பதினான்கு பேரின் கடிதங்கள் போகும். பதினான்கையும் எழுதுவது அவள்தான். அதற்குப் பரிசாக வந்த ரேடியோ அலுமாரிக்கு மேல் குந்தியிருந்தது. இப்போது மன்றத்தைப் பார்க்க அறிவிப்பாளர் சுந்தரலிங்கம் ஐயாவே மைக்கோடு வருகிறாராம்!

"நானா, பிடிபட்டா இருபத்திரண்டு மொழியிலயும் என்னைக் கள்ளின்னு சொல்லுவாங்க!"

அவளுடைய அண்ணன் ஷப்ராஸ் நானா த்ரீவீல் ஸ்டாண்டுக்கு ஓடினான். ரோல்ஸும் பிளேன்டீயும் தருவதாகச் சொல்லி ஆறு பேரைப் பிடித்து வந்தான். ஆளுக்கொரு பெயர்த் துண்டைக் கையில் திணித்தான்.

"மத்த எட்டும் பொம்புளப் பேராச்சே?"

"உள்ளறையில ஈக்கிறாங்க, ஆம்புளைக்கு முன்னால வரமாட்டாங்கன்னு சொல்லுவோம். ஐயா எட்டிப் பார்ப்பாரா, என்ன?"

வந்தது ஐயா இல்லை.

"ஐயாவுக்குச் சுகமில்லை. நான் கிருஷாந்தி," என்றபடி ஒரு யாழ்ப்பாணத்து அக்கா தனியே வந்து இறங்கினாள்.

"கஜனி அக்கா, மத்த அறிவிப்பாளர்கள் எல்லாம் வரல்லயா மிஸ்?" என்றாள் ஆஸிகா.

"அவைக்கு வேலை."

த்ரீவீல் கறுப்பையா துண்டைப் பார்த்து வாசித்தார்: "நான் ஸெய்னுலாப்தீனுங்க."

ஆஸிகா நானாவை முறைத்தாள். நானா எடுத்தது பழைய பட்டியல்! இடது கையால் எழுதி அலுத்துப்போய், ஸெய்னுலாப்தீன் இறந்துவிட்டார் என்று எழுதி, போன வருடமே அவள் அவரை மௌத்தாக்கியிருந்தாள்.

"உங்களுக்கு நாங்கள் அனுதாபம் வாசிச்சனாங்களே!"

"இப்பக் கொஞ்சம் பரவாயில்லைங்க," என்றார் கறுப்பையா, ரோல்ஸைக் கடித்தபடி.

"பொம்புள ஆக்கள் உள்ளுக்கு ஈக்கிறாங்க மிஸ்!" நானா அவசரமாகப் பேச்சை மாற்றினான்.

"நல்லதாப் போச்சு. நானும் பொம்பிளைதானே, உள்ள போய்க் கதைக்கிறன்."

ஆஸிகா பறந்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமினாள்.

"வாங்க மகள், நான் ஆஸியா உம்மா." கிழட்டுக் குரல். "நான் ஜஹானா, மிஸ்." கீச்சுக் குரல். இருமினாள். கைக்குழந்தையாக வீறிட்டாள். எட்டுப் பேராகச் சிரித்தும் காட்டினாள்.

திரை விலகியது.

மைக்குக்கு முன்னால் ஒற்றை ஆஸிகா.

"மிஸ்... எல்லாரும் நான்தான். ரேடியோவக் கொண்டு போங்க. ரேடியோவுல மட்டும் சொல்லிராதீங்க!"

கிருஷாந்தி மைக்கை அணைத்தாள். கதவைச் சாத்தினாள். பிறகு அவளுடைய வாயிலிருந்து, ஆஸிகா ஐந்து வருடமாகக் கேட்டுவந்த சுந்தரலிங்கம் ஐயாவின் கரகரத்த குரல் புறப்பட்டது:

"அழாதையும் பிள்ளை. எங்கட ஏழு அறிவிப்பாளரும் நான்தான்."