மூன்று தொட்டியும் காலி

சுகாதார ஆய்வாளர் மூன்று தொட்டிகளுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். ஒன்றிலும் குப்பை இல்லை. நடுத்தொட்டியில் ஒரு பல்லி இருந்தது.

"பல்லி எந்த வகையிலயும் சேராது," என்றார்.

குழந்தைவேல் தலையாட்டினான். சூரமங்கலத்தில் அந்த எட்டு வீட்டுக் கட்டிடத்துக்கு அவன்தான் செயலாளர். கூட்டத்துக்கு வராத ஒரே ஆள் அவன் என்பதால் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

எண்பத்து மூன்றாம் வருடம் அந்த வட்டாரத்துக்குப் புது விதி வந்திருந்தது. கடைகளும் பெரிய கட்டிடங்களும் காகிதத்துக்கு ஒன்று, கண்ணாடிக்கும் தகரத்துக்கும் ஒன்று, மக்குகிற குப்பைக்கு ஒன்று என மூன்று தொட்டி வைத்து, மறுபடி பயன்படக் கொடுக்க வேண்டும். கொடுக்காத கட்டிடத்துக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது.

"எங்க கட்டிடத்துல குப்பையே இல்லீங்க சார்."

"எட்டுக் குடும்பம் சாப்பிடறீங்க. குப்பை இல்லைன்னு எழுதினா என்னை நம்புவாங்களா? புதன்கிழமை வருவேன். தொட்டி நிறைஞ்சிருந்தா கையெழுத்து. இல்லைன்னா குழாயை அடைச்சிருவாங்க."

குழந்தைவேலின் மனைவி சௌந்திரத்துக்கு ஏழாவது மாதம். குழாய் நின்றால் தெருமுனை அடிபம்பிலிருந்து இரண்டு மாடி குடம் தூக்க வேண்டும். காலையில் அவன் தூக்கிவிடுவான். அவன் வேலைக்குப் போன பிறகு அவள் சும்மா இருக்க மாட்டாள்.

அன்று மாலை வீடு வீடாகப் போய்க் குப்பை கேட்டான். கீழ்வீட்டு மாரக்காள், எட்டு வீட்டுக் காய்கறித் தோலையும் கழனித் தண்ணியோடு சேர்த்துத் தன் எருமைக்கு ஊற்றிவிடுவதாகச் சொன்னாள். எதிர்வீட்டு மருதாசலம் செய்தித்தாளைப் படித்ததும் அலமாரியில் விரிப்பாராம். அது பழசானால் அதன் மேல் வடகம் காயும். அதற்கும் பிறகு வெந்நீர் அடுப்புக்குப் போகும். காலி டின் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, காலியாக ஒரு டின் எப்படி இருக்கும் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

வேறு வழியில்லாமல் தன் வீட்டிலேயே ஆரம்பித்தான். சௌந்திரம் குளிக்கப் போன நேரத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பிஸ்கட் டின், ஒரு மாதச் செய்தித்தாள் எல்லாவற்றையும் தொட்டிகளில் போட்டான்.

விடிந்தபோது தொட்டிகள் காலி. பாட்டில் மாரக்காள் வீட்டில் விளக்கெண்ணெயோடு நின்றது. அதுகூடப் பரவாயில்லை. அவள் மாடியேறி வந்து சௌந்திரத்திடம் பேசினாள்.

"ஏஞ்சாமி, நல்ல பாட்டிலைக் கொண்டுபோய் எறியறியே. உங்கம்மா உனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலையா?"

மத்தியானத்துக்குள் எட்டு வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. சாயங்காலம்தான் சௌந்திரம் வாயைத் திறந்தாள்.

"பாட்டிலைப் போட்டது நீங்கதானுங்களே?"

"ஆமா. காலியாத்தான இருந்துச்சு."

"காலியா இருந்தா?"

அவன் எழுந்து பேனாவைத் தேடினான்.

அடுத்து ஒரு அறிவிப்பு எழுதி மாடிப்படியில் ஒட்டினான். ஒவ்வொரு வீடும் முறைவைத்துக் கொஞ்சமாவது குப்பை போட வேண்டும். போட்டதை யாரும் எடுக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை அறிவிப்பைக் காணோம். பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் மருதாசலத்தின் மகள் வீட்டுப்பாடம் எழுத எடுத்துப் போயிருந்தாள். தொட்டிகளையும் காணோம். ஒன்றில் மொட்டை மாடியில் துணி ஊறியது. இரண்டில் மாரக்காள் தவிடு கொட்டி மூடியிருந்தாள்.

"சும்மா நின்னு வீணாப் போச்சுங்களே," என்றாள். "ஆபீசர் வார அன்னைக்கு மட்டும் எடுத்துக்குங்க. அவரு போனதும் குடுத்துருங்க, மறந்துறாதீங்க."

அன்று மாலை குழந்தைவேல் பழைய பேப்பர் கடைக்குப் போனான். கடைக்காரர் பச்சமுத்து தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஒரு நாளைக்குக் கொஞ்சம் குப்பை வேண்டும் என்று மெல்லக் கேட்டான்.

பச்சமுத்து ஆச்சரியப்படவில்லை. மூன்று தொட்டிக்குத்தானே என்று மட்டும் கேட்டார். மக்குகிறதும் ஓட்டலிலிருந்து வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். வேலை முடிந்ததும் பொருள் குறையாமல் திரும்ப வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

புதன்கிழமை காலை மூன்று தொட்டிகளும் நிறைந்தன. மாரக்காள் இரண்டு முறை சுற்றி வந்தாள். மூன்றாவது முறை ஒரு எண்ணெய் டின்னின் மேல் கை வைத்தாள்.

"கூடாதுங்க," என்றான் குழந்தைவேல். யாரிடமும் அவன் அப்படிப் பேசியதில்லை.

சௌந்திரம் முக்காலியோடு மெதுவாக இறங்கி வந்து, அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் காவலாக உட்கார்ந்தாள்.

"என்னால தண்ணி தூக்க முடியுமுங்க," என்றாள்.

"தெரியும். அதனாலதான்."

அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். பாட்டில் விஷயம் அத்தோடு முடிந்தது.

பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். ஒரு குச்சியால் மூன்றையும் கிளறிப் பார்த்தார். நன்றாகப் பிரித்திருப்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். குழந்தைவேல் அதை இரண்டு கையாலும் வாங்கினான்.

அப்போது வாசலில் மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. ஆய்வாளர் இன்னும் பேனாவை மூடவில்லை. குழந்தைவேல் கண்ணைக் காட்டினான், தலையை ஆட்டினான், தொட்டிகளுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றான். பச்சமுத்து அவனைப் பக்குவமாக ஒதுக்கிவிட்டு, மூன்று தொட்டியையும் சாக்குகளில் கவிழ்த்து வண்டியில் ஏற்றினார்.

பிறகு தலைத்துண்டை அவிழ்த்து, ஆய்வாளரிடம் கேட்டார்:

"ஏனுங்க சார், இதை அடுத்து எந்தக் கட்டிடத்துல கொண்டுபோய்க் கொட்டோணுமுங்க?"