ஒன்றுக்குப் பிறகு பத்து

அக்கா மகன் ஷிபுவின் கல்யாணத்தில் எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. தொட்டிலில் கிடந்ததிலிருந்து, அன்று காலை மாதா கோவிலில் தாலி கட்டியது வரை, அவனுடைய இருபது படங்களை வரிசையாக்கி குளச்சல் மண்டபத்துத் திரையில் ஓடவிட வேண்டும்.

"படத்துக்க பேரைக் கையால 1, 2ன்னு மாத்துங்க மாமா. அஞ்சு நிமிஷ வேலை" என்றான் ஷிபு.

கையாலா! நான் அப்போதுதான் ஒரு புத்தகம் வாங்கி, கம்ப்யூட்டர் தானாக வேலை செய்வதற்கான கட்டளை வரிகளை, அதாவது ஸ்கிரிப்ட், எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்த மூன்று நாள் உழைத்தேன்.

எது முதல், எது அடுத்தது என்று நான் பட்டியல் எழுதிக் கொடுத்தால், ஸ்கிரிப்ட் படங்களுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்துவிடும்; அந்தப் பெயர் வரிசைப்படி படங்கள் ஓடும். பட்டியல் எழுதிய நேரத்தில் பெயரையே மாற்றியிருக்கலாம் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். அட்சரம் பிசகவில்லை!

மண்டபத்து டிவிடி பிளேயரில் பென் டிரைவைச் செருகினேன். முன்வரிசையில் இனயம் ஊரிலிருந்து வந்த பெண் வீட்டார். முதல் படம், தொட்டிலில் ஷிபு. அடுத்த படம், மீசையோடு கல்லூரி வாசலில் ஷிபு.

"பிள்ளை நல்ல வேகமா வளந்திருக்கு" என்றார் பெண்ணின் சித்தப்பா.

ஷிபு துபாய் போனான். நிச்சயதார்த்தம் வந்தது, பெண்ணோடு வெட்கப்பட்டு நின்றான். அதற்கு அடுத்த படம் ஒரு கைக்குழந்தையின் ஞானஸ்நானம். அதற்கும் அடுத்ததுதான் கல்யாணம். பிறகு, தவழும் குழந்தை.

ஐஸ்கிரீம் கரண்டிகள் பாதிவழியில் நின்றன. ஸ்டுடியோக்காரர் வேறு, பழைய படங்களை நேற்று எடுத்ததுபோலப் பளபளப்பாக்கித் தந்திருந்தார்.

சித்தப்பா எழுந்தார். "நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையில ஒரு ஞானஸ்நானம் நடந்திருக்கே! அது யாருக்க பிள்ளையாக்கும்?"

மேடையில் மணப்பெண் ஷிபுவின் கையை விட்டாள்.

நான் மைக்கைப் பிடித்தேன். "பதறாதீங்க! இந்தப் பிளேயர் எண்ணை எழுத்து மாதிரிதான் படிக்கும். அகராதியில 'கல்' முடிஞ்சதும் 'கல்யாணம்' வருதுல்லா? அதுமாதிரி ஒண்ணுக்குப் பிறகு பத்து. பத்தொம்பதுக்குப் பிறகுதான் ரெண்டு. வரிசை மாறிப்போச்சு, அவ்வளவுதான்!"

"வரிசை மாறிப்போச்சுன்னுதான் ஓய் நாங்களும் சொல்லுதோம்!"

அக்கா மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள். "ஏலே, அந்த ஞானஸ்நானப் படத்தைத் திருப்பிப் போடு."

போட்டேன்.

"கையில இருக்கது ஷிபு. தூக்கி வச்சிருக்க ஞானத்தகப்பன் ஆருன்னு தெரியுதா? இந்தக் கோட்டிக்காரனாக்கும். அதுல இவனுக்க முடியைப் பாருங்க! இப்ப இவனுக்க தலையைப் பாருங்க! முப்பது வருஷம் ஆவாம இப்பிடிக் காடு அழியுமா?"

முன்வரிசை திரையையும் என் தலையையும் மாறிமாறிப் பார்த்தது. முதலில் சிரித்தது மணப்பெண். சித்தப்பா மட்டும் நேரில் வந்து, என் தலையைப் பின்பக்கமும் பார்த்துவிட்டு, "செரி, பழைய படம்தான்" என்று தீர்ப்புச் சொல்லி உட்கார்ந்தார்.

முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து 01, 02 என்று பெயர் வைத்திருந்தால் போதுமாம், வரிசை மாறாதாம். அது அந்தப் புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. நான் நான்கு வரை படித்திருந்தேன்.

அடுத்த கல்யாணத்தில் அக்கா என்னைப் பந்தியில் தண்ணீர் ஊற்ற விட்டாள். முதல் இலைக்குப் பிறகு இரண்டாம் இலைக்குத்தான் ஊற்றுகிறேனா என்று பார்க்க ஓர் ஆளும் போட்டிருந்தாள்.