நீங்கள் வெட்டிய முப்பது தப்படி

மாவட்டப் பத்திரிகை ஆசிரியர் ஓமுர்ஸாக் அவர்களுக்கு, வாய்க்கால் தெரு எசென்குல் எழுதுவது.

உங்கள் மந்தை நலமா, வீட்டார் நலமா, கையிலிருக்கும் கத்தரிக்கோல் நலமா? என் ஐம்பதாவது பிறந்தநாள் வாழ்த்தை இரங்கல் செய்திகளுக்கு நடுவே நீங்கள் போட்டதை நான் என்றோ மறந்துவிட்டேன். மூன்று வருடம் இரண்டு மாதம் ஆகிறது. இது வேறு விஷயம்.

சிறு தோட்டத்தில் குதிரை லத்தியை மக்கவைப்பது பற்றிய என் கட்டுரையை வெளியிட்டதற்கு நன்றி. மண்ணியல் படித்தவன், அளந்துதான் எழுதினேன். லத்தியோடு வைக்கோல் கலந்து மார்பளவு குவிக்க வேண்டும். பிழிந்தால் இரண்டு சொட்டு வரும் ஈரம் வேண்டும். உள்ளே கைவைக்க முடியாத சூடு ஏறினால்தான் புழு முட்டையும் களை விதையும் சாகும். ஆறியதும் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டி மறுபடி சூடேறவிட வேண்டும். எல்லாம் போட்டீர்கள். 'குவியல் வாய்க்காலிலிருந்து முப்பது தப்படியாவது தள்ளி இருக்கட்டும், மழைக்கு மூடி வையுங்கள்' என்ற கடைசி வரியை மட்டும் வெட்டிவிட்டு, குதிரையேறி ஆடும் கோக்போரு ஆட்டத்தில் செத்த ஆட்டின் உடலை எந்த ஊர்க் குதிரைக்காரன் பறித்தான் என்று போட்டீர்கள். பறித்தவன் நம்மூர்க்காரன்கூட இல்லை.

வாய்க்காலில் எனக்கு மேல்வீட்டுக்காரன் ஷார்ஷென் வாழ்நாளில் எதையும் முழுதாகப் படித்ததில்லை. இதைப் படித்தான். படித்து, வாய்க்கால் கரையிலேயே மார்பளவு குவித்தான். அந்த வாய்க்கால் அவன் முற்றத்தைத் தாண்டி என் முற்றத்துக்கு வருகிறது. அந்தத் தண்ணீரில்தான் எங்கள் தேநீர். வேலியோரம் நின்று கத்தினேன்.

“அண்ணே, எதுக்குக் கத்துறீங்க? நீங்க எழுதினதைத்தானே எழுத்து மாறாம செஞ்சிருக்கேன்.”

“வாய்க்கால் கரையில வைக்கச் சொன்னேனாடா?”

“வைக்காதேன்னும் சொல்லலியே! இந்தாங்க பேப்பர். ஈரம் வேணும்னு போட்டிருக்கு. ஈரம் இங்கதானே இருக்கு?”

வியாழன் மழை கொட்டியது. வெள்ளிக்கிழமை என் மகள் பெர்மெத்துக்குத் தோடு போட்டு நிச்சயம் செய்ய மலையிலிருந்து சம்பந்திகள் வந்துவிட்டார்கள். நான் ஷார்ஷென் குவியலுக்கும் மேலே போய் நல்ல தண்ணீர் கொண்டுவருவதற்குள் என் மனைவி சயிரா வழக்கம்போல வாய்க்காலில் மொண்டு சமோவாரைக் கொதிக்கவைத்துவிட்டாள். சம்பந்தியம்மா ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். கோப்பையை மோந்து பார்த்தார். இந்தச் சம்பந்தம் போனால் இனி என் மகள் என் முகத்தில் விழிக்கமாட்டாள்.

“சம்பந்தி, டீயில குதிரை வாசம் தூக்குதே! எத்தனை குதிரை வச்சிருக்கீங்க?”

“கேக்கணுமா?” என்றார் அவர் கணவர். “தண்ணியே மணக்குதுன்னா மந்தையே இருக்கும். அப்ப கல்யாணத்துக்குக் குதிரைக் கறிதான்!”

இருபத்தாறு வருடமாக நான் கேட்ட எதற்கும் உடனே பதில் சொல்லாத சயிரா, “ஆமா சம்பந்தி, எல்லாம் மலையில மேயுது” என்றாள்.

தோடு ஏறிவிட்டது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு குதிரை. அது கொட்டகையில்தான் மேய்கிறது. இனி அதை அறுக்க வேண்டும். லத்தியைப் பற்றிக் கட்டுரை எழுதியவன் வீட்டில் லத்தி இருக்காது. இந்தப் பாவம் உங்கள் கத்தரிக்கோலைச் சேரும். ஆகவே அந்த வரியை முதல் பக்கத்தில், ஆட்ட முடிவு போட்ட அதே பெரிய எழுத்தில், உடனே வெளியிட வேண்டும்.

உங்கள் மந்தை பெருகட்டும். பத்திரிகையில் இடமும் பெருகட்டும்.

இப்படிக்கு,
எசென்குல்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஷார்ஷென் தன் பெட்டைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தான். “இதை அறுங்கண்ணே. பெர்மெத் எனக்கும் மகதான். டீயில என் பங்கும் இருக்குல்ல?” என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முப்பது தப்படி எழுதிய கைப்பிரதியைக் காட்டினேன். படித்தான். தன் குவியலை அன்றே தள்ளிவைத்தான். பிறகு, நான் கேட்காமலே, என் குவியலிலிருந்தும் வாய்க்கால் வரை நடந்து அளந்தான். ஒன்பது தப்படிதான் வந்தது. என் முற்றத்தைத் தாண்டி அதே வாய்க்கால் போகும் கீழ்வீட்டின் தேநீரை, அங்கே வருகிறவர்கள் எல்லாம் ஏன் அப்படிப் புகழ்கிறார்கள் என்று இத்தனை வருடம் எனக்குப் பொறாமை. குவியலை நகர்த்த எனக்கு ஒரு வாரம் வேண்டும். அதுவரை தயவுசெய்து அந்த வரியைப் போடாதீர்கள். ஆட்ட முடிவு ஏதாவது இருந்தால் போடுங்கள்.