கெத்தினைப் பார்த்து மாக்சன் ‘அப்பா’ என்று கூப்பிட்டது பற்றி

அன்புள்ள யெஸ்டினுக்கு,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். உன் மகன் மாக்சன் இப்போதுதான் தூங்கக் கண்ணை மூடினான். மூடினானா, மூடியதுபோல் நடிக்கிறானா தெரியாது. நீயும் உன் கப்பலும், உன்னோடு கடலுக்கடியில் கம்பிவடம் போடுகிற அத்தனை பேரும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் குழந்தையும் நலம். இந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்துக்கொள், அடுத்து வருவதைப் படித்தால் நம்பத் தோன்றாது.

உன் அக்கா மெரரித் விடிந்ததும் உனக்குச் சொல்லிவிடுவாள். அதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை நம் ஊர் மைதானத்தில், ஊரே கேட்க, உன் பிள்ளை வேறொரு ஆளை அப்பா என்று கூப்பிட்டுவிட்டான்.

பதறாதே. இவனுக்குத் தாலாட்டு பிடிக்காது, கூட்டத்தின் இரைச்சல் கேட்டால்தான் தூக்கம் வரும். நீ புறப்பட்டபோது இவன் எங்கே போட்டாலும் தூங்குகிற கைக்குழந்தை, அதனால் இதெல்லாம் உனக்குத் தெரியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மைதானத்தில் கத்தினால் இந்தப் பக்கம் இவனுக்குக் கண் செருகும். ஒரு வாரம் கால்பந்து, மறு வாரம் ரக்பி என்று இரண்டு கழகமும் ஒரே மைதானத்தில் குடித்தனம் நடத்துகிற புண்ணியத்தில் எனக்கு வாரம் ஒரு மதியம் தூக்கம் கிடைத்துவிடும். இந்தச் சனிக்கிழமை பாழாய்ப்போன காற்று திசை மாறிவிட்டது. ஒரு சத்தமும் இங்கே வரவில்லை, பிள்ளை வீல் வீல் என்கிறான், நான் அவனைவிட அதிகமாக அழுகிறேன், அப்போதுதான் பக்கத்து வீட்டு ப்ராசர் மாமா எட்டிப்பார்த்தார். அத்தைக்கு முட்டி வலியாம், ஒரு டிக்கெட் மிச்சமாம்.

“வாம்மா நெரிஸ், புள்ளை மைதானத்துக்குள்ளயே வந்து தூங்கட்டும்.”

“ரக்பிக்கா? மாமா, எங்க வீட்ல மூணு தலைமுறையா கால்பந்து.”

“புள்ளைக்கு ஏதும்மா கட்சி? நீ வேணா கண்ணை மூடிட்டு உக்காரு.”

போனேன். மூன்று தொப்பி, காய்ச்சல் பார்க்கிற கருவி, நாப்கின் ஒரு மூட்டை, காது மூடி எல்லாம் எடுத்துக்கொண்டுதான் போனேன். காது மூடியை உன் மகன் கழற்றி முன் வரிசைக்காரரின் வழுக்கைத் தலையில் எறிந்தான். பிறகு கூட்டம் ‘ஓ’ என்றது, இவன் தூங்கிப்போனான், நான் ஆட்டத்தைப் பார்க்காமல் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் கால்பந்துக் கோடுகள் மேல் பச்சைச் சாயம் அடித்திருந்தார்கள். மழையில் சாயம் கரைந்து கோடு லேசாக அடியில் தெரிந்தது. எதிரே கிழக்குப் பக்கம், நாம் இரண்டு பேரும் உட்காருகிற இடத்தில், எவனோ ஒருத்தன் காலை நீட்டிக்கொண்டு இறைச்சி பஃப் தின்றான். நம் படுக்கையில் விருந்தாளி படுத்துக் கிடப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. உன் இருக்கையாவது சும்மா கிடக்கக் கூடாதா?

கடைசி நிமிடம் வந்தது. நம்மவர்கள் ஒரு புள்ளி பின்னால். நம் ஊர் அணிக்காக உதைக்கிற கெத்தின், பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் ஜெயம். நம்ம கால்பந்தில் இந்த இடத்தில் தொண்டை கிழியக் கத்துவோம் இல்லையா? இந்த ரக்பிக்காரர்களுக்கு அப்படிக் கிடையாது. உதைக்கப் போகிறவன் நம்மவனோ எதிரியோ, மைதானமே வாயை மூடிக்கொள்ள வேண்டும். இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்கிறார்கள். இரைச்சலில் தூங்குகிற பிள்ளை இந்த அமைதியில் என்ன செய்வான்? விழித்தான். கெத்தினைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் முறையாக, தெளிவாக, மேல் வரிசை வரைக்கும் கேட்க, “அப்பா!” என்றான்.

அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல்: “டேய் கெத்தின், புள்ளை கூப்பிடுது பாரு! உதைச்சிட்டு வந்து தூக்குடா!” மொத்த மைதானமும் சிரித்தது. கெத்தினும் சிரித்தான், சிரித்துக்கொண்டே உதைத்தான், பந்து கம்பத்துக்கு வெளியே காக்காய் மாதிரி பறந்துபோனது. அவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண் மேற்கு வரிசையில் உட்கார்ந்திருந்தாளாம்.

ப்ராசர் மாமா எங்களை வீடு வரை கொண்டுவந்து விட்டார். வாசலில் நின்று, “அவன் அப்பனை வரச் சொல்லும்மா” என்றார்.

மெரரித் மறுநாளே வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். “நல்ல வேளை, ரக்பிக்காரனைக் கூப்பிட்டான். கால்பந்துக்காரனைக் கூப்பிட்டிருந்தா நான் ஆத்துல விழுந்திருப்பேன்” என்றாள். ரக்பிப் பைத்தியம் பிடித்த உன் குடும்பத்தை என்ன சொல்ல, நீ ஒருத்தன்தான் கட்சி மாறினவன்!

நானே யோசித்துப் பார்த்துவிட்டேன். கெத்தினுக்கு உன்னைப் போலவே தாடி. அதனால்தான் கூப்பிட்டிருக்கிறான். பிள்ளை உன்னை மறக்கவில்லை என்று அர்த்தம். ஆகவே இன்னும் ஆறு மாதம் கப்பலில் இருக்கட்டுமா, ஒப்பந்தத்தை நீட்டிக்கட்டுமா என்று கேட்டிருந்தாயே, தாராளமாக இரு. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

கடல் அமைதியாக இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. உன் சமையல்காரருக்கும் கேப்டனுக்கும் என் வணக்கம். மாக்சன் உனக்கு எச்சில் முத்தம் அனுப்புகிறான்.

உன் நெரிஸ்

பி.கு.: கெத்தினுக்குத் தாடியே கிடையாது. முகம் முட்டை மாதிரி இருக்கும். இன்று மாக்சன் தபால்காரரை அப்பா என்றான், அப்புறம் நம் குளிர்சாதனப் பெட்டியை. சாயங்காலம் உன் படத்தைக் காட்டினேன். தெரியாத யாரோ வந்துவிட்டதுபோல் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே யெஸ்டின். வந்துவிடு. சீக்கிரம் பதில் எழுது.